அந்தக் கேள்விக்கு இந்தப் பதில் இல்லை

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு நாவலாசிரியை தன் நல்ல பெயரைப் பறிகொடுத்தாள். காப்பி ஆறுவதற்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது.

பறிகொடுத்த இடம் வானொலி. புதிதாக எழுத வந்தவர்களை வாரம் ஒருவராக அழைத்துப் பேச வைக்கும் நிகழ்ச்சி அது. நடத்துகிறவருக்கு ஊர் வைத்த பெயர் தேன்குரல். அந்த வாரம் வந்தவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்துவிட்டு, இடையில் கிடைத்த நேரத்தில் ஆறு வருடம் எழுதிய முதல் நாவல். மூன்றாவது பதிப்பு வந்துவிட்டது. எழுதுகிற கூட்டத்தில் மூன்றாவது பதிப்பு என்பது மன்னிக்க முடியாத குற்றம்.

"இந்த நாவல் எப்படிப் பொறந்துச்சு?" என்று தேன்குரல் கேட்டது.

"உண்மையைச் சொல்லிடறேன். அதை எழுதினது நான் இல்லை. என் தோழி எழுதிக் கொடுத்தா. நான் ஒரு வார்த்தைகூட மாத்தல" என்றது அவள் குரல். அப்புறம் இசை.

முந்தைய வாரம் எடுத்த தன் பேட்டியைச் சமையலறையில் குடும்பத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். "நான் இப்படிச் சொல்லவே இல்லை!" என்று கத்தினாள். மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். கணவன் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"நிஜமாவே நீதான் எழுதினியா?"

பதிப்பாளர் அன்று மாலையே போன் செய்தார். திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் உண்மை தெரியாவிட்டால் எல்லாக் கடைகளிலிருந்தும் புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடுவதாகச் சொன்னார். அதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கணவனின் அந்தக் கேள்விதான் வெந்த புண்ணில் வேலாக நின்றது.

திங்கள், காலை பத்து மணி.

வானொலி நிலைய இயக்குநருக்கு ஒரு அண்ணி உண்டு. காவல் துறையில் இன்ஸ்பெக்டர். ஒரு திருடனைத் துரத்திப் போய்க் கால் சுளுக்கி, மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தார். சும்மா இருப்பது அவருக்குச் சுளுக்கைவிட வலித்தது. மைத்துனர் கூப்பிட்டதும் கைத்தடியோடு வந்து இறங்கிவிட்டார். இனி நாமும் அவரை அண்ணி என்றே அழைப்போம்.

"நிலையத்து மானமே போச்சு அண்ணி. கேஸ் கோர்ட்டுன்னு போறதுக்குள்ள நீங்கதான் பார்க்கணும்."

"வெள்ளிக்கிழமையே எடிட்டிங் முடிஞ்சு உங்க கையெழுத்துக்கு வந்துச்சாமே. அதுல இது இருந்துச்சா?"

இயக்குநர் மேசையைத் துடைத்தார். "கேட்டேன்னு கையெழுத்து போட்டேன்."

"கேட்டீங்களா?"

"கேக்கலை."

"நல்லா இருக்கு தம்பி. முதல்லயே எடுத்த முழுப் பதிவு?"

"மூலப் பதிவைக் காணோம். யாரோ அழிச்சிருக்காங்க. எப்போன்னு கேக்காதீங்க. அந்தக் கம்ப்யூட்டரோட கடிகாரம் இன்னும் மூணு வருஷத்துக்கு முன்னாடிதான் இருக்கு."

எடிட்டிங் அறைச் சாவி எல்லார் கண்ணிலும் படும்படி நடைவழியில் ஆணியில் தொங்கியது. பக்கத்தில் ஆளுயரச் சுவரொட்டி. 'தேன்குரலின் பதினொரு ஆண்டுகள். நூறு உரையாடல்கள். நூல் வெளியீட்டு விழா.' அதில் தேன்குரல் மட்டும் கன்னத்தில் விரல் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி அதைப் படித்துவிட்டு உள்ளே போனார்.

ஒலிபரப்பான பதிவைப் போடச் சொன்னார். கேள்வி தெளிவாக, வழவழவென்று வந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் 'டொக்' என்று ஒரு சத்தம். வெட்டி ஒட்டிய இடம் காது மந்தமானவருக்கும் கேட்கும்.

நாவலாசிரியை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

"குரல் உங்களோடதுதானே?"

"ஆமா மேடம். ஆனா அது வேற கேள்விக்குச் சொன்ன பதில். நாவலோட முதல் பக்கத்துல நாலு வரிக் கவிதை இருக்கு. 'இதை யார் எழுதினது?'ன்னு கேட்டார். என் தோழி எழுதினான்னு சொன்னேன்."

"புத்தகத்துல தோழி பேர் இல்லையே?"

"அவதான் போட வேண்டாம்னா."

"அப்போ ஒலிபரப்பான கேள்வி?"

"அதையும் கேட்டார். ஆரம்பத்துலயே. எனக்கு வாய் உலர்ந்து என்னமோ உளறினேன். 'இதை விட்டுடலாம், வேற கேள்வியோட ஆரம்பிப்போம்'னு சொல்லிட்டார்."

ஆக, கேள்வியும் உண்மை, பதிலும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்தவன்தான் பொய்யன்.

முதலில் தேன்குரல் வந்தார். நேரில் ஒல்லியான, நரைத்த மனிதர். பத்தொன்பது வருடமாகத் தானும் ஒரு நாவல் எழுதுகிறார். இருபதாவது பக்கத்தில் நிற்கிறது.

"ம்க்கும். மேடம் நாவல் படிப்பீங்களா?"

"குற்றப் பத்திரிகை மட்டும்தான். சனிக்கிழமை நிலையத்துல நீங்க தனியா இருந்தீங்க."

"விளம்பரக் குரல் குடுக்க வந்தேன். ம்க்கும். என்னையா சந்தேகப்படறீங்க?"

"தண்ணி குடிங்க."

"எனக்குத் தாகமா இல்லையே, மேடம்."

"அந்தப் பொண்ணு மேல பொறாமையா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். "இருக்கு. வர்றவங்க எல்லார் மேலயும் இருக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து, 'எப்படி எழுதினீங்க'ன்னு கேட்டுக் கேட்டே எனக்கு வயசாயிடுச்சு. ஆனா நான் அந்த எடிட்டிங் மெஷினைத் தொட்டதில்லை."

"ஒண்ணும் தெரியாதா?"

"வெட்டவும் ஒட்டவும் தெரியும். எடிட்டர் அம்மா ஒரு தடவை சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு மேல தெரியாது."

அண்ணி தலையை ஆட்டினார். வெட்டவும் ஒட்டவும் மட்டும் தெரிந்தவன் செய்தால் 'டொக்' என்றுதான் கேட்கும். நிலையத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

அடுத்து, தோழி. கவிஞர். அவளுடைய முதல் தொகுப்பையும் அதே பதிப்பாளர்தான் போட்டிருந்தார். முதல் பதிப்பே அட்டைப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பதிப்பாளர் ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

"எதுவும் சொல்ல விரும்பலைன்னு சொன்னேன்."

"நாவலை நீங்க எழுதினீங்களா?"

"இல்லை. நாலு வரிதான்."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா?"

அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். "நூறு பேர் போன் பண்ணினாங்க மேடம். நீதானா அதுன்னு கேட்டாங்க. என்னை யாரும் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்." கொக்கியை மறுபடி திறந்தாள். "ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். கட்டுரைப் போட்டியில எப்பவும் நான்தான் முதல்."

"கவிதைக்குக் கீழ பேர் வேண்டாம்னு ஏன் சொன்னீங்க?"

"அவ புத்தகத்துல ஒரு மூலையில நிக்கறதுக்கா நான் எழுத வந்தேன்?"

பொறாமைக்கு மட்டும் யாரும் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. அண்ணி அவளைத் திட்டவில்லை. இப்போது அவள் உண்மையைச் சொன்னாலும் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். வேலிக்கு ஓணான் சாட்சி என்றுதான் சொல்லும். அழிந்துபோன மூலப் பதிவு ஒன்றுதான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றும்.

கடைசியாக ஒலி எடிட்டர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. மெல்லிய பேச்சு, சுத்தமான நகங்கள். அவருடைய அறையில் ஒரு வயர்கூட வளைந்து கிடக்கவில்லை.

"இதைப் போய் நான் செஞ்சேன்னு சொல்வீங்களா மேடம்? கேட்டீங்கள்ல? கசாப்புக் கடை வேலை. நான் வெட்டினா வெட்டினது தெரியாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"யாரோ மூலப் பதிவுலேர்ந்து அந்தக் கேள்வியை எடுத்து ஒட்டியிருக்காங்க. நான் அதைத் தொடவே இல்லை. ஆரம்பத்துல அந்தப் பொண்ணு தடுமாறின பகுதியை வெள்ளிக்கிழமை அப்படியே முழுசாத் தூக்கிக் கடாசினேன். அதுல போன கேள்விதான் அது."

"முழுசா?"

"முழுசா. உள்ளே என்ன இருக்குன்னுகூடப் பார்க்கலை. அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிட்டேன்."

"யார் செஞ்சிருப்பாங்க?"

"நான் எப்படிச் சொல்றது? சனிக்கிழமை இங்க யார் இருந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். வெட்ட ஒட்டத் தெரிஞ்ச ஆளு." எடிட்டர் கண்ணைத் தாழ்த்தினார். "பாவம், அவருக்கு ரொம்பப் பொறாமை."

"உங்களுக்கு?"

"எனக்கா?" சிரித்தார். "நான் என்ன கதையா எழுதறேன்? எனக்கு யார் மேல பொறாமை?"

அண்ணி எழுந்து நடைவழிக்கு வந்து, ஆணியில் தொங்கிய சாவியின் எதிரே கைத்தடியை ஊன்றி நெடுநேரம் நின்றார். அன்று காலையிலிருந்து அவர் பேசியவர்களில், பொறாமை இல்லை என்று சொன்னது ஒரே ஒருவர். அது சாட்சியம் ஆகாது. ஆனால் எந்தப் பக்கம் காது கொடுப்பது என்று சொல்லும். அவர் திரும்பிப் போய் அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி போட்டுக் கேட்டார்.

பிற்பகல் நான்கு மணி.

ஒலிப்பதிவு அறையில் எல்லாரும் கூடினார்கள். நாவலாசிரியை கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முயன்று முயன்று தோற்றாள். கவிஞர் அவளிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"சார், என்னை ஒரு பேட்டி எடுங்க" என்றார் அண்ணி.

தேன்குரல் முகம் மலர்ந்தது. கரும்பு தின்னக் கூலியா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ம்க்கும். நீங்க காவல் துறைக்கு ஏன் வந்தீங்க?"

"எங்க அப்பா வேண்டாம்னார். வந்தேன்."

"ம்க்கும். மறக்க முடியாத வழக்கு எது?"

"இதுதான்னு நெனைக்கறேன். இன்னொண்ணு கேளுங்க."

"ம்க்கும். பயந்தது உண்டா?"

"போதும். தம்பி, இப்போ ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைப் போடுங்க."

'இந்த நாவல் எப்படிப் பொறந்துச்சு?' ஒலிபெருக்கியிலிருந்து தேன் ஒழுகியது.

"என்ன குறையுது?" என்று கேட்டார் அண்ணி.

கவிஞர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "செருமல்."

"ம்க்கும். என்ன செருமல்?" என்றார் தேன்குரல்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. பதினொரு ஆண்டுகளாக அந்த மனிதருக்குத் தன் தொண்டையைப் பற்றித் தெரியாது.

"கேள்வி கேக்கும்போதெல்லாம் இவர் செருமறார். பதில் சொல்லும்போது இல்லை, கேள்விக்கு முன்னாடி மட்டும்" என்றார் அண்ணி. "காலையிலேர்ந்து எனக்குத் தொண்டை அரிக்குது. ஆனா ரேடியோவுல ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஏன்னா ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு செருமலையும் ஒருத்தர் உக்காந்து எடுத்துடறாங்க."

எடிட்டரின் சுத்தமான விரல்கள் மடியில் அசையாமல் இருந்தன.

"அம்மா, நீங்கதான் சொன்னீங்க. இந்தக் கேள்வி மூலப் பதிவுலேர்ந்து வந்தது, நீங்க தொடாமலே தூக்கி எறிஞ்ச பகுதியிலேர்ந்து. தொடாத கேள்வியில செருமல் எங்க போச்சு? இவர் ஒட்டியிருந்தா அது அப்படியே இருந்திருக்கும். தனக்குச் செருமல் இருக்குன்னே தெரியாதவர் அதை எப்படி எடுப்பார்? இந்தக் கவிஞர் மெஷினைக் கண்டதில்லை. எங்க தம்பி கேட்காமலே கையெழுத்து போடறவர். அவர் மெஷின்கிட்ட போனா மெஷின்தான் பயப்படும்."

இயக்குநர் கூரையைப் பார்த்தார்.

"முதல்ல நானும் தப்பான பக்கம்தான் பார்த்தேன். நாவல் எழுதின பொண்ணு மேல யாருக்குப் பொறாமைன்னு தேடினேன். தேடினா ஆளுக்கு ஆள் இருக்கு. ஆனா அடி விழுந்தது அவ மேல, குறி வெச்சது இந்தத் தேன்குரல் சார் மேல. யோசிச்சுப் பாருங்க. பேட்டிக்கு வந்தவளைப் பொய் பேட்டியால அசிங்கப்படுத்தினார்னு பேர் வந்தா, அந்த விழா நடக்குமா? புத்தகம் வருமா? வெட்ட ஒட்ட மட்டும் தெரிஞ்சவர், சனிக்கிழமை தனியா இருக்கப்போறவர். பழி போடறதுக்குத் தோதான ஆளு. அதுக்காகத்தான் வெள்ளிக்கிழமையே அந்த 'டொக்'கை வேணும்னே விட்டு வெச்சீங்க. நல்லா மோசமா வெட்டணும்னு கஷ்டப்பட்டு வெட்டியிருக்கீங்க. ஆனா அவர் கேள்வி கைக்கு வந்ததும், உங்க விரல் பழக்கத்துல அதைச் சுத்தம் பண்ணிடுச்சு."

எடிட்டரின் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"செருமலை எடுத்தேனான்னுகூட எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமா இல்லை."

"ஏம்மா?" என்றார் தேன்குரல். முதல் தடவையாகச் செருமாமல் கேட்டார்.

"ஏனா? அந்த நூறு பேட்டியில பாதிக் கேள்வி நான் செஞ்சது. நீங்க மூணு தடவை சுத்தி வளைச்சுக் கேட்டதை ஒரு வரியாக்கினது நான். வந்தவங்க அழுதப்போ நீங்க குறுக்கே பேசினீங்க. அந்தப் பேச்சைத் தூக்கி, மௌனத்தை விட்டது நான். 'என்ன அழகா மௌனமா இருக்கத் தெரிஞ்சவர்'னு உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன், சிரிச்சுக்கிட்டே. புத்தகம் வருதுன்னீங்க. முன்னுரையில டீ வாங்கிக் குடுக்கிறவர் பேர்கூட இருக்கு." மூச்சு வாங்கினார். "என் பேர் விட்டுப்போச்சுன்னு உங்களுக்கு இன்னும் தெரியாது, இல்லையா? அதுதான் தாங்கலை."

தேன்குரலுக்கு உண்மையிலேயே தெரியாது.

நாவலாசிரியை எழுந்து நின்றாள். "நான் உங்களுக்கு என்னக்கா பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலைம்மா" என்றார் எடிட்டர். "அந்த வாரம் நீ வந்தே. அவ்வளவுதான்."

அறையில் இருந்தவர்களுக்கு அந்தப் பதில்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. அண்ணிக்குக் கை துறுதுறுத்தது. விடுப்பில் இருப்பதால் கைத்தடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மூலப் பதிவு எங்கே?"

"அழிச்சிட்டேன்."

"அந்த மெஷின்லேர்ந்து அழிச்சீங்க. நல்ல சமையல்காரி உப்பு டப்பாவைக் குப்பையில போட மாட்டா. உங்ககிட்ட இருக்கு."

எடிட்டர் கைப்பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழேயிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். "சத்தத்தை அழிக்க எனக்குக் கை வராது" என்று மட்டும் சொன்னார்.

நான்கரை மணிக்கு இயக்குநர் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பதிவை முழுக்கக் கேட்டார். வெட்டாமல், ஒட்டாமல், இருந்தது இருந்தபடி, அவர் கேட்கக் கேட்கவே ஒலிபரப்பானது. நாவலாசிரியை உளறியது வந்தது. பல்வலிக்காரர்களுக்கு நடுவில் ஒரு அத்தியாயத்தை எப்படி முடித்தாள் என்று சொன்னது வந்தது. நாலு வரிக் கவிதையைப் பற்றிய கேள்வியும், அதற்கு அவள் சொன்ன பதிலும் அடுத்தடுத்து வந்தன. ஐந்து மணிக்குச் சற்று முன் பதிப்பாளர் கூப்பிட்டார். புத்தகம் கடையிலேயே இருக்கும், நான்காவது பதிப்புக்குக் காகிதம் சொல்லிவிட்டேன் என்றார். கவிஞர் அதைக் கேட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

எடிட்டரை என்ன செய்வது என்று இயக்குநர் அண்ணியிடம் கேட்டார். "புகார் குடுக்கறது அந்தப் பொண்ணு பாடு. வேலையை விட்டு அனுப்பறது உங்க பாடு. அடுத்த வாரம் எடிட்டிங் யார் பண்ணுவான்னு யோசிச்சிட்டு அனுப்புங்க" என்றார் அண்ணி.

நாவலாசிரியை அண்ணிக்கு நன்றி சொல்ல வந்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு சொன்னாள்.

"நான் எழுதலைன்னு நேத்து எல்லாரும் உடனே நம்பிட்டாங்க மேடம். நான் எழுதினேன்னு நம்பறதுக்கு இன்னிக்கு ஆதாரம் கேட்டாங்க."

அண்ணி கைத்தடியை எடுத்துக்கொண்டார். வாசல்வரை அவளோடு நொண்டிக்கொண்டே வந்தார்.

வெளியே கணவன் பைக்கோடு நின்றிருந்தான். வழியில் ஒரு கடை வானொலியில் கேட்டிருந்தான். முகத்தில் அசடு வழிந்தது.

"நான் மனசுக்குள்ள நம்பினேன். சும்மாதான் கேட்டேன்."

"நீங்க இன்னும் அதைப் படிக்கலை, இல்ல?"

அவன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நேரம் இல்லை. அப்புறம்... ராத்திரியெல்லாம் அதுகூடத்தானே உக்காந்திருந்தே. அந்த நோட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சலா இருக்கும்."

"படிச்சிருந்தா கேட்டிருக்க மாட்டீங்க."

"ஏன்?"

"அதுல நீங்க இருக்கீங்க. உங்க அம்மாகிட்ட திட்டு வாங்கிட்டு மொட்டை மாடியில தனியா நின்னு அழுதது இருக்கு. நான் பார்க்கலைன்னு நெனச்சீங்க. அதை வேற யாரால எழுத முடியும்?"

அவன் முகம் சிவந்தது. சுற்றிலும் பார்த்தான். அண்ணி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"எந்தப் பக்கம்?"

"சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "முதல்லேர்ந்து படிங்க."